கோடிங் போட்டியும் விளையாட்டுதானா? கோத்தகிரியில் என்னிடம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோத்தகிரியில் வீட்டிலிருந்தபடியே ஒரு மென்பொருள் கம்பெனிக்கு வேலை பார்க்கிறேன். ஞாயிறு காலையில் சுற்றுவட்டாரத்துப் பிள்ளைகள் பத்துப் பன்னிரண்டு பேர் வருவார்கள். லேப்டாப் இருப்பவர்கள் லேப்டாப்போடு, இல்லாதவர்கள் நோட்டோடு. சேர்ந்து உட்கார்ந்து கோடிங் போட்டிக் கணக்குகளைப் போடுவோம். பள்ளி நாட்களில் நான் 1500 மீட்டர் ஓடியவள், இன்னமும் வாரத்தில் நாலு நாள் ஓடுகிறேன், அதனாலோ என்னவோ பிள்ளைகளும் அவர்களைக் கொண்டுவந்து விடும் பெற்றோரும் ஆபீஸ் நண்பர்களும் இந்த இரண்டையும் முடிச்சுப் போட்டே கேட்கிறார்கள். திரும்பத் திரும்ப வாயால் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

கோடிங் போட்டி என்றால் அங்கே என்னதான் நடக்கும்?

ஒரு கணக்கு கொடுப்பார்கள். மலைப்பாதையில் இத்தனை ஊர், ஊருக்கு ஊர் இவ்வளவு தூரம், இரண்டு இடத்தில் மரம் விழுந்து வழி அடைத்துக் கிடக்கிறது, இந்த ஊரிலிருந்து அந்த ஊருக்குக் குறைந்த தூரத்தில் எப்படிப் போவது என்கிற மாதிரி. ஊர் ஐந்தாறு என்றால் விரல் விட்டு எண்ணிவிடலாம், அங்கே இரண்டு லட்சம் ஊர் இருக்கும், விடை இரண்டு விநாடிக்குள் வர வேண்டும். ப்ரோக்ராம் எழுதி சப்மிட் செய்தால், எதிர்ப்பக்கம் இருக்கும் ஜட்ஜ் மெஷின் தான் ஒளித்து வைத்திருக்கும் டெஸ்ட் கேஸ்களை, அதாவது சோதனைக்கான உதாரணங்களை, ஒவ்வொன்றாக ஓட்டிப் பார்த்து, சரி என்றோ தப்பு என்றோ நேரம் தாண்டிவிட்டது என்றோ சொல்லும். எங்கே தப்பு என்று சொல்லாது, அதை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

கோட்ஃபோர்சஸ், லீட்கோட் இரண்டும் இப்படிப் போட்டி நடத்தும் இணையதளங்கள். கோட்ஃபோர்சஸ் போட்டிகள் நம் நேரப்படி பெரும்பாலும் இரவு 8.05-க்குத் தொடங்கும், இரண்டு மணி நேரம், ஐந்தாறு கணக்கு. லீட்கோட்டில் ஞாயிறு காலை 8 மணிக்கு, ஒன்றரை மணி நேரம், நாலு கணக்கு. எங்கள் ஞாயிறு கூட்டம் அந்த நேரத்தை ஒட்டித்தான். போட்டி முடிந்ததும் டீயும் வர்க்கியும், அப்புறம்தான் உண்மையான பாடம்.

உடம்பே அசையவில்லையே, இதை எப்படி விளையாட்டு என்கிறீர்கள்?

இதற்கு எங்கள் மாவட்டத்திலேயே பதில் இருக்கிறது. ஸ்நூக்கர், 1875-ல் ஜபல்பூரில் ராணுவ அதிகாரிகள் பொழுது போகாமல் பில்லியர்ட்ஸ் மேஜையில் கூடுதலாகச் சில வண்ணப் பந்துகளைப் போட்டு ஆடிப் பார்த்த ஆட்டம். நெவில் சேம்பர்லெய்ன் என்ற இளம் அதிகாரி தொடங்கி வைத்தது (பின்னாளில் பிரிட்டனின் பிரதமரானவர் வேறு ஆள், பெயர் மட்டும் ஒன்று). அவர் அப்புறம் ஊட்டிக்கு வந்தார், 1880-களில் ஊட்டி கிளப்பில்தான் அந்த ஆட்டத்துக்கு விதிகளை எழுதி பில்லியர்ட்ஸ் அறையில் மாட்டினார்கள். ஆளுக்கொரு விதமாக ஆடிக்கொண்டிருந்ததற்கு ஒரே விதி வந்தது, இன்றைக்கு உலகம் முழுக்க ஆடுகிறார்கள். ஸ்நூக்கர் ஆடுகிறவர் ஓடுவதில்லை, குதிப்பதில்லை. செஸ்ஸை சர்வதேச ஒலிம்பிக் கமிட்டி 1999-ல் விளையாட்டாக அங்கீகரித்தது. 2023-ல் ஹாங்சோவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் செஸ்ஸுக்கும் பதக்கம், வீடியோ கேமுக்கும் பதக்கம். கோடிங்குக்கு அப்படி ஓர் அங்கீகாரம் இல்லை, அதற்காக எனக்கு வருத்தமும் இல்லை.

உடம்பு அசையவில்லை என்பதையும் நான் முழுசாக ஒத்துக்கொள்ள மாட்டேன். டிசம்பர் மாதத்து இரவு, வெளியே பனி இறங்கிக்கொண்டிருக்கிறது, விரல் நுனி மரத்துப்போய் விசைப்பலகையில் பக்கத்து எழுத்தில் விழுகிறது, போட்டி முடிய நாலு நிமிடம், சப்மிட் அழுத்திவிட்டு டெஸ்ட் கேஸ் எண் ஏறுவதைப் பார்க்கிறீர்கள், 7, 8, 9... அப்போது நெஞ்சு அடிக்கிற அடியை நான் இதற்கு முன் ஸ்டார்ட்டர் துப்பாக்கியைத் தூக்கிப் பிடிக்கும் அந்தக் கணத்தில் மட்டும்தான் அறிந்திருக்கிறேன்.

ஆனால் எனக்கு முக்கியமானது வேறு. சடுகுடு ஆடியவர்களைக் கேளுங்கள். நடுக்கோட்டைத் தாண்டி மூச்சுப் பிடித்துப் பாடிக்கொண்டு போகிறவனை எதிரே நிற்கும் ஏழு பேரும் கையைக் காலைப் பிடித்து மண்ணில் சாய்ப்பார்கள். ஆட்டம் முடிந்ததும் அதே ஏழு பேர்தான் முழங்கால் சிராய்ப்புக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். 'போட்டி பொறாமை' என்று இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லிச் சொல்லி நமக்கு இரண்டும் ஒன்று போலவே ஆகிவிட்டது, அதைப் பிரித்துக் காட்டுவது அந்தக் கோடுதான். இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை, இந்த நேரத்திலிருந்து இந்த நேரம் வரை நாம் எதிரிகள் என்று இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்டு போட்ட கோடு. கோடிங் போட்டியில் அது இருக்கிறது. தொடங்கும் நேரம் தெரியும், முடியும் நேரம் தெரியும், எல்லோருக்கும் ஒரே கணக்கு, ஜட்ஜ் முகம் பார்க்காது. அதனால் என்னைக் கேட்டால் இது விளையாட்டுதான்.

ரேட்டிங் என்கிறார்களே, அது எப்படிப் போடுகிறார்கள்?

ஒருவர் எவ்வளவு நன்றாக ஆடுகிறார் என்று காட்டும் எண்தான் ரேட்டிங், செஸ்ஸிலிருந்து வந்தது. ஆர்ப்பட் ஈலோ என்பவர் அமெரிக்காவில் இயற்பியல் பேராசிரியர், ஹங்கேரியில் பிறந்தவர், அவர் அமைத்த முறையை உலகச் செஸ் கூட்டமைப்பு 1970-ல் எடுத்துக்கொண்டது. இரண்டு பேருக்கும் இடையே 200 புள்ளி வித்தியாசம் இருந்தால் மேலே இருப்பவருக்கு நூறு ஆட்டத்தில் சுமார் 76 ஆட்டத்துக்கான புள்ளி எதிர்பார்க்கலாம், 400 வித்தியாசம் என்றால் சுமார் 91. எதிர்பார்த்ததைவிட நன்றாக ஆடினால் ரேட்டிங் ஏறும், மோசமாக ஆடினால் இறங்கும், எதிர்பார்த்தபடியே ஆடினால் அப்படியே நிற்கும். கோடிங் போட்டியில் ஒருவரோடு ஒருவர் மோதாமல் ஆயிரக்கணக்கானவர்கள் ஒரே நேரத்தில் எழுதுவதால் கணக்கு கொஞ்சம் மாறும், அடிப்படை யோசனை அதேதான்.

கோட்ஃபோர்சஸில் இதற்கு நிறம் உண்டு. 1200-க்குக் கீழே சாம்பல், 1200-ல் பச்சை, 1400-ல் வெளிர்நீலம், 1600-ல் நீலம், 1900-ல் ஊதா, 2100-ல் ஆரஞ்சு, 2400-க்கு மேல் சிவப்பு. பெயரே அந்த நிறத்தில்தான் தெரியும். 'டூரிஸ்ட்' என்ற பெயரில் ஆடும் பெலாரஸ்காரர் கெனடி கொரட்கேவிச் 2024-ல் 4000-ஐத் தொட்டார், அதற்கு முன் அங்கே யாரும் தொடாத எண் அது. அவர் 2006-ல், பதினோரு வயதில், பள்ளிப் பிள்ளைகளுக்கான சர்வதேச இன்ஃபர்மேட்டிக்ஸ் ஒலிம்பியாடில் வெள்ளி வாங்கியவர், அடுத்த ஆறு ஆண்டும் தொடர்ந்து தங்கம்.

ரேட்டிங் இறங்கினால் எனக்கு இரண்டு நாள் சோறு இறங்குவதில்லை. இது சரியா, தப்பா?

தப்பு என்று சொல்ல மாட்டேன். தோற்றால் வலிக்கத்தான் செய்யும், வலிக்காதவர் விளையாடவே இல்லை என்று அர்த்தம். ஆனால் வலி எந்த இடத்தில் இருக்கிறது என்று பாருங்கள். 1500 மீட்டரில் நான் 5 நிமிடம் 20 விநாடியில் ஓடினால் 'அந்த ஓட்டம் மோசம்' என்றுதான் என் பி.டி. டீச்சர் சொல்வார், 'நீ மோசம்' என்று ஒருநாளும் சொன்னதில்லை. கோடிங்கில் அந்த இடைவெளி சீக்கிரம் மூடிப்போகிறது, ஏனென்றால் ஓட்டத்தில் தோற்றது கால், இங்கே தோற்றது மூளை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். சின்ன வயதிலிருந்து 'படிக்கிற பிள்ளை' என்று பேர் வாங்கி வந்தவர்களுக்கு மூளை தோற்றால் தன்னிடம் மிச்சம் ஒன்றும் இல்லாதது போல ஆகிவிடும். எங்களிடம் வந்த ஒரு பெண் பச்சையிலிருந்து சாம்பலுக்கு இறங்கியதும் மூன்று வாரம் வரவேயில்லை. வீட்டுக்குப் போய்க் கேட்டால், "அக்கா, எல்லாருக்கும் என் பேர் சாம்பல்லதானே தெரியும்" என்றாள்.

அவளுக்குச் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். அந்த எண், கடைசியாக எழுதிய சில போட்டிகளில் நீங்கள் எப்படி எழுதினீர்கள் என்பதன் மதிப்பீடு. அன்றைக்குக் காய்ச்சல் இருந்ததா, தம்பி அழுதுகொண்டிருந்தானா என்பது அதற்குத் தெரியாது. போட்டி முடிந்த இரவே ரேட்டிங்கைப் பார்க்காதீர்கள், காலையில் எழுந்து, முகம் கழுவி, டீ குடித்துவிட்டுப் பாருங்கள். சின்ன விஷயம்தான், எங்கள் கூட்டத்தில் எல்லோரும் இதைக் கடைப்பிடிக்கிறோம், பலன் இருக்கிறது.

போட்டி தொடங்கியதும் தெரிந்த கணக்கே மறந்துபோகிறது. பதற்றத்தை எப்படிக் குறைப்பது?

முழுசாகக் குறைக்க வேண்டாம். 1908-ல் யெர்க்ஸ், டாட்சன் என்ற இரண்டு பேர் சுண்டெலிகளை வைத்து ஒன்று கண்டார்கள்: எளிய வேலையில் தூண்டுதல் கூடக் கூடக் கற்பதும் கூடுகிறது, கடினமான வேலையில் அது ஒரு அளவைத் தாண்டினால் கெடுக்கிறது. அதனால் முதல் கணக்கை, எளிதானதை, அந்தப் படபடப்போடேயே முடித்துவிடுங்கள். மூன்றாவது கணக்கு திறக்கும்போது ஒரு நிமிடம் கையை விசைப்பலகையிலிருந்து எடுத்துவிட்டு நோட்டில் எழுதுங்கள். எழுதும் வேகத்துக்கு மூச்சும் இறங்கி வரும்.

மூன்று பேர் சேர்ந்து ஆடும் போட்டி உண்டு என்கிறார்களே?

ஐ.சி.பி.சி., அதாவது கல்லூரி மாணவர்களுக்கான சர்வதேச ப்ரோக்ராமிங் போட்டி. 1970-ல் டெக்சாஸில் ஒரு பல்கலைக்கழகத்தில் ஆரம்பித்தது. மூன்று பேர், ஒரே ஒரு கம்ப்யூட்டர், ஐந்து மணி நேரம். எனக்கு மிகவும் பிடித்த வடிவம் இதுதான், ஏனென்றால் விசைப்பலகை ஒன்றுதான் என்பதால் யார் எப்போது உட்கார வேண்டும் என்பதே பாதி ஆட்டம். உங்களுக்கு ஒரு கணக்கு பாதி தெரியும், பக்கத்தில் இருப்பவருக்கு இன்னொன்று முழுசாகத் தெரியும் என்றால் நீங்கள் எழுந்துவிட வேண்டும். ரிலே ஓட்டத்தில் பேட்டனை அடுத்தவர் கையில் கொடுப்பது போல. எழுந்துகொள்ளத் தெரியாத ஒருவர் இருந்தால், அவர் எவ்வளவு பெரிய கில்லாடியாக இருந்தாலும், அந்த அணி திணறும்.

ஒரு கணக்கு முடிந்தால் மேஜையில் ஒரு பலூன் கட்டுவார்கள், கணக்குக்கு ஒரு நிறம். கடைசி ஒரு மணி நேரம் ஸ்கோர்போர்டை உறையவைத்துவிடுவார்கள், யார் முன்னே என்று யாருக்கும் தெரியாது.

தரவரிசை எப்படி என்று பலருக்குக் குழப்பம், ஒரு உதாரணம் போடுகிறேன். முதலில் எத்தனை கணக்கு முடித்தீர்கள் என்று பார்ப்பார்கள், அது சமமாக இருந்தால் நேரம். முதல் அணி மூன்று கணக்கை 20, 65, 140-வது நிமிடங்களில் ஒரு தப்பும் இல்லாமல் முடித்தது, கூட்டினால் 225. இரண்டாவது அணி மூன்றையும் முன்னாலேயே முடித்துவிட்டது, 15, 50, 110-வது நிமிடங்களில், கூட்டினால் 175. ஆனால் கடைசிக் கணக்கில் அவசரப்பட்டு மூன்று தடவை தப்பாக அனுப்பினார்கள், தடவைக்கு 20 நிமிட அபராதம், 60 சேர்ந்து 235. முதல் அணிதான் மேலே. ஒவ்வொரு கணக்கையும் முந்தி முடித்தும் பின்னால் நிற்கிறார்கள். 'இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டு அனுப்பு' என்று நான் வாயால் சொன்னபோது மண்டையில் ஏறாதது, இந்தக் கூட்டலைப் பலகையில் போட்டுக் காட்டிய அன்று ஏறியது.

அடுத்தவர் எழுதிய கோடில் தப்பு கண்டுபிடித்தால் புள்ளி தருவார்களாமே?

ஆமாம், கோட்ஃபோர்சஸில் 'ஹேக்' என்று உண்டு. பழைய பாணிச் சுற்றுகளில் உங்கள் விடையைப் பூட்டிவிட்டு, அதாவது இனி இதை மாற்ற மாட்டேன் என்று ஒப்புக்கொண்டு, உங்கள் 'அறையில்', அதாவது தளம் உங்களைச் சேர்த்துவிட்ட குழுவில், இருக்கும் மற்றவர்களின் கோடைத் திறந்து பார்க்கலாம். அது உடையும்படி ஒரு டெஸ்ட் கேஸ் கொடுத்தால் 100 புள்ளி, உடையாவிட்டால் உங்களுக்கு 50 போய்விடும். கொடுமையாகத் தெரியலாம், எனக்கு இது நேர்மையான சண்டை. இரண்டு பக்கமும் ஒத்துக்கொண்ட கோட்டுக்குள் நடக்கிறது, தப்பாகத் தாக்கினால் தாக்கியவனுக்கும் இழப்பு.

ஆபீஸில் கோட் ரிவியூ, அதாவது ஒருவர் எழுதிய கோடை இன்னொருவர் படித்துத் தப்பு சொல்வது, செய்கிறோமே, அதற்கும் வேண்டியது இதே கண்தான். இது எந்த இடத்தில் உடையும் என்று தேடும் கண். தேடும் நோக்கம் மட்டும் வேறு. உடைத்து 100 புள்ளி வாங்கிப் பழகிய கண்ணோடு ஒருவர் நேராக வேலைக்கு வந்து, ஜூனியர் பெண் எழுதிய கோடின் கீழே பதினாறு கமென்ட் போட்டு, பதினாறும் சரியாகவே இருந்து, அவள் மறுநாள் பாத்ரூமில் அழுததை நான் பார்த்திருக்கிறேன். அவர் கெட்டவர் இல்லை, ஆட்டம் முடிந்ததை அவருக்கு யாரும் சொல்லவில்லை.

எப்படிப் பயிற்சி செய்வது? ஒரு நாளைக்கு எத்தனை கணக்கு?

எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். ஓட்டத்தில் தினமும் முழு வேகத்தில் ஓடினால் மூன்றாம் வாரம் காலில் கட்டு போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான். மெதுவான நாள், ஏற்றத்தில் ஓடும் நாள், ஓய்வு நாள் எல்லாம் உண்டு. ஊட்டியில் ஹெச்.ஏ.டி.பி. மைதானத்தில், 2,240 மீட்டர் உயரத்தில், வெளியூர் வீரர்கள் பயிற்சிக்கு வருவதைப் பார்க்கலாம், அவர்களும் பாதி நேரம் நிதானமாகத்தான் ஓடுகிறார்கள்.

கோடிங்கில் ஏற்றத்தில் ஓடுவது எது தெரியுமா, போட்டியில் முடியாமல் போன கணக்கை மறுநாள் எடுத்து முடிப்பது. இதை முக்கால்வாசிப் பேர் செய்வதில்லை, அடுத்த போட்டிக்குத் தாவிவிடுகிறார்கள். வாரத்துக்கு ஒரு போட்டி, அதில் விட்டுப்போன கணக்கில் முதலாவதை எடுத்து எத்தனை நாளானாலும் முட்டி மோதி முடிப்பது, அவ்வளவு போதும். ஒரு மணி நேரம் முயற்சி செய்த பிறகு விளக்கத்தைப் பார்க்கலாம். பார்த்துவிட்டு மூடிவைத்து, மறுநாள் ஒன்றும் பார்க்காமல் நீங்களே எழுத வேண்டும். பார்த்துக்கொண்டே எழுதுவது பிறத்தியார் ஓடுவதை கேலரியில் உட்கார்ந்து பார்ப்பது மாதிரி.

தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு பயிற்சி வேண்டாம். இதில் நான் யாரோடும் பேரம் பேச மாட்டேன்.

ஓடினால் கோடிங் நன்றாக வருமா?

வரும் என்று வாக்குக் கொடுக்க மாட்டேன். எனக்கு முதுகுவலி இல்லை, தூக்கம் நன்றாக வருகிறது. இன்னொன்று, தோற்பது எப்படி என்று ஓட்டம்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தது. பிள்ளைகளிடம் ஏதாவது ஒரு மைதான விளையாட்டைக் கூடவே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான். காந்தி மைதானத்தில் ஃபுட்பால் ஆடும் பையன்கள் கோடிங் போட்டியில் தோற்றால் சீக்கிரம் எழுந்துகொள்கிறார்கள், நான் கண்ணால் பார்த்தது.

என் மகன் ஒன்பதாவது படிக்கிறான். பள்ளிப் பிள்ளைகளுக்கு என்ன இருக்கிறது?

சர்வதேச இன்ஃபர்மேட்டிக்ஸ் ஒலிம்பியாட், சுருக்கமாக ஐ.ஓ.ஐ. 1989-ல் பல்கேரியாவில் தொடங்கியது, நாட்டுக்கு நாலு பேர் வரை போகலாம், இரண்டு நாள், நாளுக்கு ஐந்து மணி நேரம். இந்தியா 2002-லிருந்து போகிறது. கலந்துகொள்பவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்குப் பதக்கம் உண்டு, தங்கம், வெள்ளி, வெண்கலம் ஒன்றுக்கு இரண்டுக்கு மூன்று என்ற கணக்கில். பதக்கம் ஒருவருக்குத்தான் என்று வைக்காததால் அங்கே பிள்ளைகள் மற்ற நாட்டுப் பிள்ளைகளோடு நண்பர்களாகத் திரும்புகிறார்கள், நல்ல ஏற்பாடு.

அதற்கு இந்திய அணியைத் தேர்ந்தெடுக்கும் முதல் சுற்றான ஜோனல் இன்ஃபர்மேட்டிக்ஸ் ஒலிம்பியாட் பல ஆண்டுகளாகத் தாளும் பேனாவுமாக நடந்து வந்த தேர்வு. எங்கள் கூட்டத்தில் நோட்டோடு மட்டும் வருகிற பிள்ளைகளுக்கு நான் முதலில் கொடுப்பது அதன் பழைய வினாத்தாள்களைத்தான். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை என்று ஒரு பிள்ளையும் ஒதுங்கி நிற்க வேண்டியதில்லை. அந்தந்த ஆண்டு அறிவிப்பைப் பார்த்து விண்ணப்பியுங்கள்.

ஒரே ஒரு வேண்டுகோள். பக்கத்து வீட்டுப் பையன் எத்தனை கணக்கு போட்டான் என்று வீட்டில் கேட்காதீர்கள். அவனுக்குப் போட்டி வேண்டும் என்றால் அது போட்டி நடக்கும் அந்த இரண்டு மணி நேரத்திலேயே நிறைய இருக்கிறது, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் வேண்டாம்.

பெண் பிள்ளைகள் ஏன் குறைவாக இருக்கிறார்கள்?

பெண்களுக்குப் போட்டி மனசு இல்லை என்று யாராவது சொன்னால் அவர்களை ஒரு மாவட்ட ஓட்டப் போட்டிக்குக் கூட்டிப்போங்கள். என் அனுபவத்தில் முதல் காரணம் கடிகாரம். இரவு 8.05-க்கு அண்ணன் லேப்டாப்பைத் திறக்கும்போது தங்கை சப்பாத்தி தேய்த்துக்கொண்டிருப்பாள். எங்களிடம் பெண்கள் பாதிக்கு மேல், ஏனென்றால் நாங்கள் ஞாயிறு காலையில் வைத்தோம், அதுவும் வீட்டில் நேரில் போய்ப் பேசிய பிறகு. ஐரோப்பாவில் பெண்களுக்கென்றே 2021-ல் ஓர் ஒலிம்பியாட் ஆரம்பித்திருக்கிறார்கள், நல்ல விஷயம். இங்கே அதற்கும் முன்னால் அந்த இரண்டு மணி நேரத்தை வீட்டில் வாங்கிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

போட்டியில் கெட்டிக்காரராக இருப்பவர் வேலையிலும் கெட்டிக்காரராக இருப்பாரா?

கூகுளில் இருந்த பீட்டர் நார்விக் ஒருமுறை பேசும்போது, தங்கள் ஆட்களை அலசிப் பார்த்ததில் கோடிங் போட்டியில் ஜெயித்திருப்பது வேலையில் சிறப்பதற்கு எதிர்மறையாகவே இருந்தது என்றார். போட்டியே வேண்டாம் என்பவர்கள் எல்லோரும் இதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள். ஆனால் அது ஏற்கெனவே வேலைக்கு எடுக்கப்பட்டவர்களுக்குள் பார்த்த கணக்கு. பள்ளி வாலிபால் டீமை நினைத்துப் பாருங்கள். நல்ல உயரம் என்றால் ஆட்டம் சுமாராக இருந்தாலும் எடுத்துவிடுவார்கள், குட்டையாக இருந்தால் ஆட்டம் அபாரமாக இருந்தால்தான் எடுப்பார்கள். டீமுக்குள் மட்டும் பார்த்தால் உயரமானவர்கள் மோசமாக ஆடுவது போலத் தெரியும். அதை வைத்து உயரம் வாலிபாலுக்குக் கெடுதல் என்று சொல்ல முடியுமா? போட்டியில் ஜெயித்தவர்களை நேர்முகத் தேர்வில் சுலபமாக எடுத்துவிட்டால் அங்கேயும் இதே மாயம் நடக்கும்.

சரி, அதற்காக இரண்டும் ஒன்றா என்றால் இல்லை. போட்டிக் கோடை இரண்டு மணி நேரத்துக்குப் பிறகு யாரும் திறப்பதில்லை. வேலைக் கோடை ஐந்து வருடம் கழித்து, நீங்கள் கம்பெனியை விட்டுப் போன பிறகு, உங்கள் முகமே தெரியாத ஒருவர் இரவு இரண்டு மணிக்குத் திறப்பார். அவருக்காக எழுதுவது வேறு பழக்கம், அதைத் தனியாகத்தான் கற்க வேண்டும்.

ஆபீஸிலும் போட்டி வைத்தால் எல்லோரும் நன்றாக வேலை செய்வார்கள் அல்லவா?

மாட்டார்கள். இதை மட்டும் நான் அடித்துச் சொல்வேன், நானே அதற்குள் இருந்தவள்.

பெங்களூரில் நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில், தளத்தின் நடுவே ஒரு பெரிய திரையை மாட்டி, யார் இந்த வாரம் எத்தனை டிக்கெட், அதாவது பதிவான வேலை, முடித்தார்கள் என்று பெயரோடு போட்டார்கள். முதல் இரண்டு வாரம் எனக்கு உற்சாகமாகத்தான் இருந்தது, முதல் மூன்றில் என் பெயர் வந்தது, அம்மாவுக்குப் போன் செய்து சொன்னேன். மூன்றாவது வாரம் கவனித்தேன், காலை ஒன்பதரைக்கே எளிய டிக்கெட்டுகள் எல்லாம் காணாமல் போயிருந்தன, கடினமானவை அப்படியே கிடந்தன. எங்கள் குழுவில் ஓர் அண்ணா இருந்தார், யார் மாட்டிக்கொண்டாலும் நாற்காலியை இழுத்துப்போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து கோடில் இருக்கும் தப்பைத் தேடித் தருவார். திரையில் அவருடைய எண் எப்போதும் ஒன்று, இரண்டு. ஒரு நாள் நான் உதவி கேட்டபோது நிமிர்ந்து அந்தத் திரையைப் பார்த்துவிட்டு, "இன்னைக்கு முடியாதும்மா" என்றார். அதற்கப்புறம் நான் அவரைக் கேட்கவில்லை. எட்டு மாதத்தில் அவர் போய்விட்டார், கொஞ்ச நாளில் நானும்.

மைக்ரோசாஃப்ட் மாதிரிப் பெரிய கம்பெனியே ஊழியர்களை ஒருவரோடு ஒருவர் வரிசைப்படுத்தி, எவ்வளவு நல்ல குழுவாக இருந்தாலும் அதில் சிலரைக் கடைசியில் வைத்தே தீர வேண்டும் என்ற முறையைப் பல ஆண்டு வைத்திருந்து 2013-ல் கைவிட்டது. ஆபீஸில் ஆட்டம் எப்போது முடிகிறது என்று யாருக்கும் தெரியாது, விசில் அடிக்க ஆள் இல்லை, ஒரே அணியில் இருப்பவர்களை ஒருவர் மேல் ஒருவர் மோதவிட்டு அதற்குப் போட்டி என்று பெயர் வைத்தால் அங்கே வளர்வது பொறாமை மட்டும்தான். போட்டி வேண்டும் என்றால் வெள்ளிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் கோடிங் போட்டி வையுங்கள், முடிந்ததும் எல்லோரும் சேர்ந்து சமோசா சாப்பிடுங்கள். திரையைக் கழற்றிவிடுங்கள்.

ஏ.ஐ. எல்லாக் கணக்கையும் போட்டுவிடுகிறதே, இனி இது எதற்கு?

2025 செப்டம்பரில் பாகு நகரில் நடந்த ஐ.சி.பி.சி. உலக இறுதிப் போட்டியின் பன்னிரண்டு கணக்குகளையும் ஓப்பன்ஏஐ-யின் மாடல் போட்டுவிட்டது, கூகுளின் ஜெமினி பத்துப் போட்டது. அதே ஆண்டு ஜூலையில் டோக்கியோவில், பத்து மணி நேரம் நடந்த, அட்கோடர் என்ற ஜப்பானியப் போட்டித் தளத்தின் இறுதிப் போட்டியில், போலந்துக்காரர் ஒருவர், 'சைக்கோ' என்ற பெயரில் ஆடுபவர், ஏ.ஐ.-யை இரண்டாம் இடத்துக்குத் தள்ளி ஜெயித்தார். அடுத்த தடவை அது முடியுமா என்று கேட்டால், நான் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. 1997-ல் டீப் புளூ என்ற கம்ப்யூட்டர் செஸ்ஸில் உலக சாம்பியன் காஸ்பரோவை ஜெயித்தது. அதற்கு 27 ஆண்டு கழித்து சென்னைப் பையன் குகேஷ் பதினெட்டு வயதில் உலக சாம்பியன் ஆனபோது, கம்ப்யூட்டர் இவனைவிட நன்றாக ஆடுமே என்று யாராவது சொன்னார்களா? மேட்டுப்பாளையம் போகும் பஸ் என்னைவிட வேகமாகப் போகும், அதற்காக நான் ஓடுவதை நிறுத்தவில்லை.

கவலை ஏமாற்றுவது பற்றித்தான். போட்டி நடக்கும்போது ஏ.ஐ.-யிடம் கேட்டு ஒட்டுகிறவர்கள் இருக்கிறார்கள், அது ஊக்கமருந்து போட்டுக்கொண்டு ஓடுவதற்குச் சமம். எங்கள் கூட்டத்தில் ஒரு பையன் செய்தான், கண்டுபிடித்தது அவன் நண்பர்கள்தான், ஏனென்றால் கோடில் அவன் ஒருநாளும் வைக்காத மாதிரி மாறிகளுக்குப் பெயர் வைத்திருந்தது. திட்டவில்லை. அவன் இப்போதும் வருகிறான், ஆறு மாதம் நோட்டில் மட்டும்தான் எழுத வேண்டும் என்று அவனே கேட்டு வாங்கிக்கொண்டான்.

மலையில் கரண்ட் போய்விடுகிறதே, போட்டி நடுவில் போனால் என்ன செய்வது?

போனால் போனதுதான். மழைக்காலத்தில் லைன் மேல் மரம் விழுந்தால் மறுநாள் மதியம் வரைகூட ஆகும், இன்வெர்ட்டர் இருந்தாலும் டவர் படுத்துவிடும். ஜட்ஜிடம் காரணம் சொல்ல முடியாது. ஜூலையில் ஒரு இரவு எங்கள் பையன் ஒருவன் மூன்றாவது கணக்கில் இருந்தபோது 8.50-க்கு எல்லாம் அணைந்தது. மெழுகுவர்த்தி ஏற்றி, மீதியை நோட்டில் எழுதியிருக்கிறான், லூப்புக்கு லூப் உள்தள்ளி, செமிகோலன் வரைக்கும். ஞாயிற்றுக்கிழமை வந்து, ஈரக் குடையை வாசலில் விரித்து வைத்துவிட்டு, யாரிடமும் ஒன்றும் பேசாமல் லேப்டாப்பில் அதைத் தட்டெழுதி அனுப்பினான். இரண்டாவது டெஸ்ட் கேஸில் தப்பு. நோட்டைப் பார்த்தான், ஓரிடத்தில் மெழுகு சொட்டி ஒரு 'ஈக்வல்' குறியை மறைத்திருந்தது, நகத்தால் சுரண்டிப் பார்த்துச் சேர்த்தான். சரி என்று வந்தது. போட்டி முடிந்து ஐந்து நாள் ஆகியிருந்தது. நோட்டில் அந்தக் கணக்கின் பக்கத்தில் ஒரு டிக் போட்டு, அன்றைய தேதியை எழுதி, டீ எடுக்கப் போனான்.